பெட்டி செய்யப் போனவர்

அன்புள்ள ஐயா,
ஜமைக்கா இசை பற்றிய குறிப்பில், லண்டன் சவுண்ட் சிஸ்டங்களைப் பாடகர்களுக்குச் சமமாக வைத்துப் பேசியிருந்தீர்கள். அடுத்தவர் பாடிய இசைத்தட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போடுவதற்கு என்ன வரலாறு? எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரும் அதைத்தானே செய்கிறார்?
– ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரரை நாம் விசேஷத்துக்குக் கூப்பிடுகிறோம். லண்டனில் 'சவுண்ட்' (சவுண்ட் சிஸ்டத்தைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள்) இருக்கும் இடத்தைத் தேடி, ஜமைக்கா போன கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் போனார்கள். போக வேறு இடம் இல்லை. ஐம்பதுகளில் கறுப்பர்கள் என்பதற்காகவே பல பப்களும் நடன விடுதிகளும் அவர்களை வாசலில் நிறுத்தின. சட்டம் குறுக்கே வந்தது 1965இல்தான். வாரமெல்லாம் பஸ்ஸிலும் ஆலையிலும் உழைத்தவர் சனிக்கிழமை இரவு யாருடைய வீட்டு நிலவறைக்காவது போவார். சாமான்களை ஒதுக்கிவிட்டு பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, வாசலில் சில்லறை வசூல், அடுப்பில் ஆட்டுக்கறி. 'புளூஸ் பார்ட்டி' என்பார்கள்.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' என்ற சவுண்டில் இசைத்தட்டுப் போட்டுப் பழகிய டியூக் வின், 1954இல் கப்பலில் ஒளிந்து இங்கிலாந்து வந்தார். கூட ஒளிந்து வந்தவர் கவுண்ட் சக்கிள். மறு வருடமே லண்டனில் லாட்புரோக் குரோவ் பக்கம் டியூக் வின்னின் சவுண்ட் ஒலித்தது. பிரிட்டனில் அதுதான் முதல் என்பார்கள். 1958இல் லாம்பெத் டவுன் ஹாலில் இந்த இரண்டு பேரும் யார் சவுண்ட் பெரிது என்று போட்டிக்கு நின்றார்கள்! ஜமைக்கா இசைக்கு ரெகே என்ற பெயரே அப்போது கிடையாது.

அப்புறம், 'அடுத்தவர் இசைத்தட்டு' என்கிறீர்களே, போட்டி என்று வந்துவிட்டால் கடையில் கிடைக்கும் தட்டுக்கு என்ன மதிப்பு? அதற்காகத்தான் 'டப்பிளேட்'. வேறு எந்த சவுண்டிடமும் இல்லாத பாட்டை அசிடேட் தட்டில் வெட்டி வாங்குவார்கள். மென்மையான பூச்சு, ஓட்ட ஓட்டத் தேய்ந்து இரைச்சல்தான் மிஞ்சும். தெரிந்தே காசைக் கொட்டினார்கள். குரல் நீக்கிய தாளத்தை ஓடவிட்டு, அதன்மேல் மைக் பிடித்துச் சொல்லடுக்கிப் பேசவும் செய்தார்கள். லண்டன் லூயிஷாம் பகுதியின் சாக்ஸன் சவுண்டில் அப்படிப் பேசி வளர்ந்தவர்கள்தான் டிப்பா ஐரியும் ஸ்மைலி கல்ச்சரும்.

அதே சாக்ஸனுக்குத் தச்சு வேலை தெரிந்த ஒரு பையன் ஸ்பீக்கர் பெட்டி செய்யப் போனான். பெயர் மாக்ஸி பிரீஸ்ட். 1990இல் அவர் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.