கொத்துரொட்டியோடு பியரும் அனுப்பலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் 36 இருக்கை உள்ள உணவகம் நடத்துகிறேன். 2020 லாக்டவுன் காலத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சாப்பாட்டோடு பியரும் வைனும் கொடுத்து வருகிறோம். கவுன்சிலிலிருந்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை. போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்து, "இது இப்போது சட்டவிரோதம், புது லைசென்ஸ் எடுக்க வேண்டும், 1,800 பவுண்ட் கொடுத்தால் மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்றார். இன்னொரு நண்பரோ, "பக்கத்து மூலைக்கடையில் வாங்கி அனுப்பினால் லைசென்ஸே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி? 12 பெட்டி லயன் லாகர் வேறு வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

பதில்: ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம். மூன்று வாரம் என்றது பொய். ஏன் பொய் என்று கீழே சொல்கிறேன். நண்பரின் யோசனைக்கும் வருகிறேன்.

முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்து மேசையில் வையுங்கள். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பது அல்ல, அது வெறும் சுருக்கம். பல பக்கங்கள் உள்ள முழு லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதுவும் கடையிலேயே இருக்க வேண்டும், ஆனால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது கணக்காளரிடம் இருக்கும், இல்லாவிட்டால் கடையை விற்றுவிட்டுப் போன பழைய முதலாளியிடம் இருக்கும். தொலைந்திருந்தால் 10.50 பவுண்ட் கட்டி கவுன்சிலிலேயே நகல் வாங்கலாம். இதற்கு ஏஜென்ட் வேண்டாம்.

அதில், மது எங்கே குடிப்பதற்காக விற்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். 'ஆன்' என்றால் கடைக்குள் உட்கார்ந்து குடிக்க மட்டும். 'ஆஃப்' என்றால் வெளியே கொண்டுபோக. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நம் உணவகங்களில் பெரும்பாலானவற்றில் 'ஆன்' மட்டும்தான் இருக்கும். எடுக்கும்போது யாரும் வெளியே விற்பதைப் பற்றி நினைத்திருக்கவில்லை. 'ஆஃப் லைசென்ஸ்' என்றாலே நமக்கு மூலைக்கடைதானே.

பிறகு எப்படி இத்தனை நாள் அனுப்பினீர்கள்? 2020 ஜூலையில் வந்த பிசினஸ் அண்ட் பிளானிங் சட்டம், 'ஆன்' மட்டும் வைத்திருந்தவர்களுக்கும் வெளியே விற்கவும் வீட்டுக்கு அனுப்பவும் தற்காலிக அனுமதி கொடுத்தது. முதலில் 2021 செப்டம்பர் வரை என்றார்கள். அதை 2022க்கு நீட்டினார்கள், 2023க்கு நீட்டினார்கள், கடைசியாக 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். நாலரை வருடம் பழக்கிவிட்டு ஒரு நள்ளிரவில் கதவைச் சாத்திவிட்டார்கள். உங்கள் கையில் 'ஆன்' மட்டும் இருந்தால் அந்த இரவுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு போத்தலும் அனுமதி இல்லாத விற்பனை. 2003 லைசென்சிங் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். முதல் முறை பிடிபட்டவரை உடனே உள்ளே தள்ளுவார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் நாளைக்கு லைசென்ஸை மறுபரிசீலனைக்கு எடுத்தால் இது உங்கள் கோப்பில் இருக்கும். "யாரும் ஒன்றும் சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கவுன்சிலில் உட்கார்ந்து டெலிவரி ஆப்பில் (செயலியில்) உங்கள் மெனுவை யாரும் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த விதிகளைத் தளர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. பேச்சைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

'ஆன் அண்ட் ஆஃப்' இரண்டும் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, இரண்டாவது மூன்றாவது இணைப்புகளைப் படியுங்கள். அங்கேதான் உங்கள் கடைக்கென்று போட்ட நிபந்தனைகள் இருக்கும். "மேசையில் அமர்ந்து உணவு உண்பவருக்கு, உணவோடு மட்டுமே மது" என்று ஒரு வரி பல உணவக லைசென்ஸ்களில் உண்டு. வீட்டில் சோபாவில் இருப்பவர் உங்கள் மேசையில் அமர்ந்தவர் ஆக மாட்டார். அந்த வரி இருக்கும்வரை 'ஆஃப்' இருந்தும் பயனில்லை.

சரி, என்ன செய்வது? புது லைசென்ஸ் தேவையில்லை. இருக்கும் லைசென்ஸை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், 'வேரியேஷன்' என்பார்கள். கட்டணம் உங்கள் கடையின் பிசினஸ் ரேட்ஸ் (கடை வரி) மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு 4,301 முதல் 33,000 பவுண்டுக்குள் என்றால் 190 பவுண்ட். அதற்கு மேல் 87,000 வரை 315. ஏஜென்ட் கேட்ட 1,800இல் மீதி எங்கே போகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

விண்ணப்பம் போட்டதும் 28 நாள் மக்கள் ஆட்சேபிக்க அவகாசம் கொடுக்க வேண்டும். இது சட்டத்தில் உள்ள நாள் கணக்கு. யார் எந்த அதிகாரியோடு தேநீர் குடித்தாலும் 28 நாள் 21 நாள் ஆகாது. மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். "89 பவுண்டில் சிறு மாற்றமாகப் போட்டு முடிக்கலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. கவுன்சில் அதை ஏற்கும் என்று கவுன்சிலிலிருந்தே வந்த மின்னஞ்சலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பணம் கொடுங்கள்.

அந்த 28 நாளும் கடை வாசலில் ஒரு அறிவிப்பு தொங்க வேண்டும். வெளிர் நீலத் தாள், ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது, கறுப்பு எழுத்து, 16 புள்ளிக்குச் சிறிதாக இருக்கக் கூடாது. விளையாட்டல்ல. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் பிரிண்டரில் நீலத் தாள் இல்லை என்று வெள்ளையில் அச்சடித்து ஒட்டினார். இருபத்திரண்டாம் நாள் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார், மறுநாள் முதல் மீண்டும் 28 நாள் எண்ண வேண்டியதாயிற்று. இரண்டரை பவுண்ட் தாளுக்காக ஒரு மாதம். இதோடு, விண்ணப்பித்த மறுநாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் உள்ளூர் செய்தித்தாளில் ஒரு விளம்பரமும் போட வேண்டும். ஈஸ்ட் ஹாமில் உள்ளூர் செய்தித்தாளைப் புரட்டி, தன் தெருவில் யார் பியர் விற்கப் போகிறார் என்று பார்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கவுன்சில் கட்டணத்தைவிட அந்த விளம்பரம்தான் பெரும்பாலும் அதிகம் இழுக்கும். யாருக்கு நன்மை என்று என்னைக் கேட்காதீர்கள். போடாவிட்டால் விண்ணப்பம் செல்லாது, அதனால் போடுங்கள்.

யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், ஆனால் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள் போலீஸும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸும் (கவுன்சிலின் வணிகக் கண்காணிப்புத் துறை). அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே நிபந்தனைகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: சாப்பாட்டோடு மட்டுமே மது, மூடி திறக்காத போத்தல் அல்லது டின், வீட்டு முகவரிக்கும் வேலையிட முகவரிக்கும் மட்டும், பூங்காவுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் கிடையாது, 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் வாசலில் அடையாள அட்டை, மறுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. எழுதினால் அதன்படி நடக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுதிய நிபந்தனையை மீறுவதும் குற்றம்தான்.

இப்போது தரகர்களைப் பற்றி. நானும் ஒருவகையில் தரகன்தான், அதனால் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியும். மோசமானவர்கள் விண்ணப்பம் எழுதுபவர்கள் அல்ல, பெயரை வாடகைக்கு விடுபவர்கள். மது விற்கும் ஒவ்வொரு கடைக்கும் லைசென்ஸில் ஒருவர் பெயர் பொறுப்பாளராக இருக்க வேண்டும், 'டி.பி.எஸ்.' என்பது அதுதான். அவரிடம் பெர்சனல் லைசென்ஸ் (கடைக்கு அல்ல, ஆளுக்குக் கொடுக்கும் மது லைசென்ஸ்) இருக்க வேண்டும். "மாதம் இவ்வளவு கொடுங்கள், என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஐந்தாறு கடைக்குப் பெயர் கொடுத்துவிட்டு எந்தக் கடைப்பக்கமும் வராத ஆட்கள் இருக்கிறார்கள். அவர் லைசென்ஸ் ரத்தானால் அந்த நிமிடமே உங்கள் மது விற்பனை நின்றுவிடும். அதிகாரி வந்து "டி.பி.எஸ். எங்கே, போன் போடுங்கள்" என்று சொல்லும்போது அவர் போன் எடுக்க மாட்டார். பெர்சனல் லைசென்ஸுக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒருநாள் வகுப்பு, 40 கேள்வி, 28 சரியானால் தேர்ச்சி. குற்றப் பதிவுச் சான்றிதழோடு, நீங்கள் குடியிருக்கும் பகுதிக் கவுன்சிலில் 37 பவுண்ட் கட்ட வேண்டும். நீங்களே எடுங்கள், உங்கள் துணைவியும் எடுக்கட்டும்.

உங்கள் நண்பரின் மூலைக்கடை யோசனைக்கு வருவோம். மது எந்த இடத்தில் விற்கப்படுகிறது என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆர்டர் ஆப்பில் வந்தாலும் போனில் வந்தாலும், இந்த ஆர்டருக்கு இந்தப் போத்தல் என்று எங்கே ஒதுக்கப்படுகிறதோ அங்கேதான் விற்பனை. உங்கள் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பையில் வைத்தால் விற்பனை உங்கள் கடையில் நடந்தது. மூலைக்கடையில் நீங்கள் வாங்கி, உங்கள் பில்லில் சேர்த்து அனுப்பினாலும் விற்றவர் நீங்கள்தான். வாடிக்கையாளரே மூலைக்கடைக்கு ஆர்டர் கொடுத்து, அவர்களுக்கே பணம் கட்டி, அவர்களே அவர் பெயருக்கு எடுத்து வைத்து, உங்கள் ஆள் போகும் வழியில் வாங்கிப்போனால் அது மூலைக்கடையின் விற்பனை. அந்த ஏற்பாட்டில் உங்களுக்குக் கிடைப்பது பெட்ரோல் செலவு. "30 பவுண்டுக்குச் சாப்பிட்டால் பியர் இலவசம்" என்பதும் வேலைக்கு ஆகாது. சாப்பாட்டுப் பணத்துக்காகக் கொடுப்பதால் அதுவும் விற்பனைதான்.

இதே காரணத்தால்தான் டெலிவரிப் பையனின் பெட்டியில் 'யாராவது கேட்டால் கொடுக்க' என்று இரண்டு டின் கூடுதலாக வைக்கக் கூடாது என்கிறேன். ஆர்டரில் இல்லாத டின்னை வாசலில் விற்றால் அந்த விற்பனை அந்த வாசலில் நடக்கிறது, அந்த வாசலுக்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை.

அப்புறம் வயது. இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரோ அதை அரைகுறையாகப் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். 18 வயது ஆகாதவர் கையில் மதுவைத் தெரிந்தே கொடுப்பது குற்றம். ஆனால் வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தில் கொடுத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. அப்பா ஆர்டர் செய்திருக்கிறார், பையன் பதினைந்து வயது, கதவைத் திறந்து பையை வாங்கிக்கொள்கிறான். அந்தப் பிரிவின்படி இது குற்றமில்லை. உண்மைதான். இதை வைத்துக்கொண்டு "வீட்டு டெலிவரிக்கு வயது பார்க்கவே வேண்டாம்" என்கிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வாங்கியவர் அப்பா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் கணக்கில் பையனே ஆர்டர் செய்திருந்தால் நீங்கள் சிறுவனுக்கு விற்றிருக்கிறீர்கள். அது வேறு பிரிவு, அதில் வீடு என்ற விலக்கு கிடையாது, அபராதத்துக்கு வரம்பும் கிடையாது. வயதை அறிய நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று காட்டினால்தான் தப்பலாம். ஆப்பில் ஒரு பெட்டியில் டிக் போட்டார் என்பதை மட்டும் காட்டி வாதாட நான் தயாரில்லை. அந்த வீடு வாங்கியவரின் வீடாக இல்லாமல் நண்பர் வீடாக இருந்தால் முதல் விலக்கும் போய்விட்டது. இதற்கெல்லாம் மேலே, வாசலில் அட்டை பார்ப்போம் என்று உங்கள் லைசென்ஸிலேயே எழுதியிருந்தால், அந்த விலக்கு இருந்தாலும் நிபந்தனையை மீறிய ஆள் நீங்கள்தான். அதனால் அந்த விலக்கை மறந்துவிடுங்கள். கதவைத் திறப்பவர் சின்னவராகத் தெரிந்தால் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு பியரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள்.

ஆப் நிறுவனத்தின் டெலிவரி ஆட்களை நம்பி இதை விடாதீர்கள். வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் லண்டனில் உண்டு. படத்தில் இருக்கும் ஆள் வேறு, ஹெல்மெட்டோடு வந்து நிற்கும் ஆள் வேறு. அவருக்கு அட்டை பார்க்க யார் சொல்லிக் கொடுத்தது? பியர் உள்ள ஆர்டரை உங்கள் சொந்த ஆள் கையில் அனுப்ப முடிந்தால் அப்படியே செய்யுங்கள். இரவு 11 மணிக்கு மேல் சூடான சாப்பாடு அனுப்புவதற்கே தனி அனுமதி வேண்டும், அதையும் லைசென்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இரவே ஆப் மெனுவிலிருந்து பியரையும் வைனையும் எடுத்துவிடுங்கள், மாற்றம் கைக்கு வரும்வரை. லயன் லாகர் பெட்டிகளைத் திருப்ப வேண்டாம். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு ஊற்ற உங்களுக்கு இப்போதே லைசென்ஸ் இருக்கிறது. டின்களில் தேதியை மட்டும் பார்த்து, பழையதை முன்னால் அடுக்குங்கள்.