பச்சை பூத்த போர்டு

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுத் தோட்டத்து வீட்டை ஒழித்தபோது அப்பா 1992-இல் வாங்கிய 386 கம்ப்யூட்டர் கிடைத்தது. சுவிட்சைப் போட்டதும் திரை வந்துவிட்டது, கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தேன். மதர்போர்டின் மூலையில் நீல நிறத்தில் ஒரு குட்டிப் பேட்டரி, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. சோடா உப்பு கரைத்துத் தேய்த்தேன். பழைய கீபோர்டு எங்கே கிடைக்கும்? பழுப்பேறிய பெட்டியை வெள்ளையாக்க வழி உண்டா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

காயலான் கடைக்குப் போடாமல் வைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காப்பி வாங்கித் தரலாம். ஆனால் முப்பது வருஷம் மலைப் பனியில் கிடந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமலா கரண்டில் மாட்டுவது? பவர் சப்ளைக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அது வெடிக்காதது உங்கள் அப்பா செய்த புண்ணியம்.

கீபோர்டு வாங்க வேண்டாம். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கீபோர்டு சாக்கெட் இருக்கும். பேட்டரியிலிருந்து ஒழுகியது முதலில் அந்த வழியைத்தான் தின்னும்.

அப்புறம் அந்தச் சோடா உப்பு. கார் பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்குச் சோடா உப்பு சரி. உங்களுடையது நிக்கல் காட்மியம், அதிலிருந்து ஒழுகியது காரம். காரத்தின் மேல் காரத்தையே தேய்த்திருக்கிறீர்கள்! வெள்ளை வினிகரைப் பல் பிரஷில் தொட்டுத் தேயுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும்.

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் பட்டறைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. 1999-இல் பழைய சாமான் கடையில் ஒரு 386 போர்டு வாங்கிவந்தேன். அதிலும் இதே பச்சை. கொலுசு விளக்கும் பித்தளை பிரஷையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரையும் எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். போர்டு கல்யாணக் கொலுசு மாதிரி மின்னியது. கரண்டு ஓடும் செம்புத் தடங்களில் மூன்றைக் காணோம்.

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அப்பா, போர்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கை பழக்கதோஷத்தில், வெள்ளியைப் பற்றவைக்கப் போடும் வெங்காரத்துக்குப் போனது. அது உருக 700 டிகிரி தாண்ட வேண்டும். போர்டில் இருக்கும் ஈயப் பற்றோ 183-லேயே உருகிவிடும். ஊதுகுழலை எடுத்தால் போர்டே கருகிவிடும் என்று கத்தினேன். சிரித்துவிட்டு, கத்தி முனையால் பச்சைப் பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தார். "அழுக்கு மேல ஈயப் பத்து ஏறாதுடா, செம்பு பளிச்சுனு தெரியணும்" என்றார். தடத்தில் செம்பு மின்னும்வரை அரை மணி நேரம் சுரண்டினார். என் சால்டரிங் அயர்னால் மயிரிழைக் கம்பியை அரை நிமிஷத்தில் பற்றவைத்தார். நான் மினுக்கியது ஒரு மணி நேரம்.

நீங்களும் மினுக்கத்தான் கிளம்பியிருக்கிறீர்கள், பெட்டியை வெள்ளையாக்கக் கேட்டதிலேயே தெரிகிறது. பழுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, கீபோர்டு சாக்கெட்டிலிருந்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராத இடத்தில் தடம் அறுந்திருக்கிறது, அங்கே சுரண்டிக் கம்பியைப் பற்றவையுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் போர்டு சீக்கிரம் காயாது. இரண்டு நாள் வெயிலடிக்காத உலர்ந்த இடத்தில் வைத்த பிறகு கரண்டு கொடுங்கள்.

இவ்வளவு எழுதியும் பேட்டரியைக் கழற்றியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது அங்கேயே இருந்தால் நாளைக்கும் ஒழுகும். இன்று ராத்திரியே வெட்டி எடுங்கள். காட்மியம் விஷம், காப்பிச் செடிக்கடியில் வீசிவிடாதீர்கள். அந்த இடத்தில் வட்ட லித்தியம் பேட்டரி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், நடுவில் கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு டயோடு போடச் சொன்னார்களா என்று கேளுங்கள். போர்டு அதையும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், லித்தியம் அதைத் தாங்காது. எதுவும் வைக்காவிட்டாலும் குடி முழுகாது, போடும்போதெல்லாம் தேதியும் ஹார்ட் டிஸ்க் விவரமும் கேட்கும். சொல்லுங்கள்.