பண்டிகைப் போஸ்டர்: கேளுங்கள், சொல்கிறேன்

ஆண்டிறுதி நெருங்கிவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு போஸ்டர்களைப் பற்றிக் குவிந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். அச்சுக்கும் திரைக்குமாக நெடுநாளாக இதே வேலைதான் எனக்கு.

கேள்வி: அக்கா, எங்கள் குழுவின் புத்தாண்டு நிகழ்ச்சிக்குப் போஸ்டர் செய்திருக்கிறேன். மணி, நட்சத்திரம், பனித்துளி, ரிப்பன், வாணவேடிக்கை எல்லாம் போட்டும் ஏதோ குறைகிறது. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்கத்தான் இருக்கிறது. பண்டிகை நாளில் நீங்கள் ஒட்டப்போகும் சுவரைச் சுற்றி ஏற்கெனவே விளக்கும் தோரணமும் மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் உங்கள் போஸ்டரும் மினுக்கினால் அதுவும் இன்னொரு தோரணமாகிவிடும். யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் என்றால் ஒரே நட்சத்திரம், தாளில் பாதியை அடைக்கும் அளவுக்கு. அதன் ஒரு முனை விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகட்டும், பரவாயில்லை. மீதிப் பாதியில் நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், இடம். பொறுப்பாளர்கள் பட்டியலைப் போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் பொடி எழுத்தில் போடுங்கள். தங்கள் பெயரைத் தேடுகிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்! பிறகு பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது நிகழ்ச்சியின் பெயராகவோ அந்த நட்சத்திரமாகவோ இல்லையென்றால் இன்னும் எடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

கேள்வி: சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து வைத்தால் கண் கூசுகிறது. ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் இந்த இரண்டு நிறங்களும்தானே?

பதில்: நிறம் வேறானாலும் இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் எழுத்தின் விளிம்பு நடுங்குகிறது. போஸ்டரைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எழுத்தே காணாமல் போகும். சிவப்பு, பச்சையைப் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கு அது எப்போதுமே ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவர் அப்படிப்பட்டவர். பின்னணிக்கு அடர் பச்சை, எழுத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் வையுங்கள். சிவப்பு ஒரே ஓர் இடத்தில் சிறியதாக இருக்கட்டும்.

கேள்வி: திரையில் தங்கமாக ஜொலித்த தலைப்பு, அச்சில் களிமண் நிறத்தில் வந்திருக்கிறது. அச்சகத்தார் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பாவம், அவர்கள் மேல் தவறில்லை. நாம் தங்கம் என்று பார்ப்பதில் பாதி நிறம், பாதி பளபளப்பு. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளை எப்படிக் கலந்தாலும் அந்தப் பளபளப்பு வராது. உண்மையான தங்கம் வேண்டுமென்றால் ஃபாயில் (மெல்லிய பளபளப்பான தகடு) ஒட்டும் முறையோ மெட்டாலிக் மையோ (உலோகத் துகள் கலந்த மை) வேண்டும். இரண்டுக்கும் செலவு கூடும். அது இல்லாதபோது நான் தங்கத்துக்கு ஆசைப்படுவதே இல்லை. இருட்டு நீலத்தின் மேல் தட்டையான வெதுவெதுப்பான மஞ்சள் ஒன்றைப் போட்டுவிடுவேன்.

கேள்வி: ஏ3 அளவுக்கு எத்தனை பிக்சல்?

பதில்: 297 × 420 மி.மீ. தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 3508 × 4961. நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் பின்னணி, கூடுதலாக விடுங்கள். எழுத்து எதுவும் வெட்டும் கோட்டிலிருந்து 10 மி.மீ.க்குள் வர வேண்டாம். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். பிடிஎஃப் ஆக்கி ஆவணமாக அனுப்புங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் 'வாழ்த்துகள்' ஒழுங்காக வருகிறது. 'கொண்டாட்டம்' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. எழுத்துரு கெட்டுவிட்டதா?

பதில்: எழுத்துரு நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பென்றால், விருப்பத்தேர்வுகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். கூடவே இன்னொன்று: தமிழில் மேலே 'கி'யின் சுழியும் கீழே 'மூ'வின் வாலும் நீள்வதால், ஆங்கில வரிகளுக்கு வைக்கும் இடைவெளி போதாது. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியைத் தொட்டால், எவ்வளவு அழகான எழுத்துருவும் அழுக்காகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் கட்டணமில்லாதவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய பிரதியைத் தனியாக வைத்திருங்கள். 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டைக்குள் நான் வரவில்லை. ஒற்று இல்லாமல் எழுதுவது என் வழக்கம். தலைப்பில் ஓரெழுத்து இடமும் மிச்சமாகிறது.

கேள்வி: கூகுளில் கிடைத்த பனிமனிதன் படத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தேடலில் கிடைப்பது அனுமதியாகாது. படைப்பாளரே பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் 'என்சி' (வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்) என்று இருந்தால் விற்பனை விளம்பரத்துக்கு ஆகாது. வெள்ளைக் காகிதத்தில் பனிமனிதனை நீங்களே வெட்டி, நீலத் தாள் மேல் வைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். காகிதத்தின் மெல்லிய நிழலே தனி அழகு தரும். கத்தரி சற்றுக் கோணினாலும் நல்லதுதான்.

கேள்வி: அனுப்புவதற்கு முன் கடைசியாக எதைப் பார்ப்பீர்கள் அக்கா?

பதில்: கிழமையை. ஒருமுறை சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றினேன்; கிழமை பழையபடியே நின்றுவிட்டது. 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும், லீப் ஆண்டு குறுக்கிட்டால் இரண்டு. ஆகவே அடுத்த ஆண்டு அதே தேதி அதே கிழமையில் வரவே வராது. போஸ்டர்கள் அச்சாகி வந்த பிறகுதான் ஒருவர் கேட்டார், "வெள்ளியா, சனியா?" சின்னஞ்சிறு ஒட்டுத்தாள்களில் சரியான கிழமையை அடித்து, இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். இப்போது நிகழ்ச்சியோடு தொடர்பில்லாத யாரிடமாவது போஸ்டரை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, என்றைக்கு, எங்கே என்று கேட்கிறேன். விழித்தால் அந்தக் கோப்பு அன்று அச்சகத்துக்குப் போகாது.