ஹாரி டீன் ஸ்டாண்டனை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: நாடகக் குழு ஒன்றில் நடிக்கிறேன். குறும்படங்களில் ஒன்றிரண்டு சீன் வந்து போகும் வேடங்கள் கிடைக்கின்றன. அமெரிக்கக் குணச்சித்திர நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் எங்கள் இயக்குநர். பட்டியலைத் திறந்தால் நூறு படங்களுக்கு மேல் இருக்கிறது. ‘பாரிஸ், டெக்சஸ்’ போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடமாகியும் அவர் பேசுவதாக இல்லை, நிறுத்திவிட்டேன். எங்கே தொடங்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: படம் சரியானதுதான், அதை எடுத்த வேளைதான் சரியில்லை. 1984-ல் ‘பாரிஸ், டெக்சஸ்’ வெளிவந்தபோது ஸ்டாண்டனுக்கு 57 வயது. ஒரு பெரிய படத்தைத் தாங்கும் நாயகன் வேடம் அப்போதுதான் அவருக்கு அமைந்தது. அதற்கு முன் 30 வருடங்கள் கைதி, திருடன், மெக்கானிக், போலீஸ்காரர் என்று பக்கத்தில் நிற்கும் ஆளாகவே நடித்துக்கொண்டிருந்தார். முதலில் அந்தச் சின்ன வேடங்களைப் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பதும் அந்த மாதிரி வேடங்கள்தானே. ஏழெட்டுப் படங்கள் போதும். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஆரம்ப காலத்தில் ஹாரி ஸ்டாண்டன் என்று இன்னொரு நடிகர் இருந்ததால், இவர் ‘டீன் ஸ்டாண்டன்’ என்ற பெயரில் நடித்தார். பழைய டைட்டிலில் ‘ஹாரி டீன்’ என்று தேடினால் ஆள் இல்லாதது போலத் தோன்றும். 1954-ல் தொலைக்காட்சிக்கு வந்தவர் ‘கன்ஸ்மோக்’, ‘ரா ஹைட்’ போன்ற கௌபாய் தொடர்களில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாக வந்து போயிருக்கிறார். இவற்றில் இரண்டு மூன்று எபிசோட் பார்த்தால் போதும். அங்கே பார்க்க வேண்டியது அவருடைய குறையைத்தான். வில்லன் என்று எழுதியிருந்தால் வில்லனாகவே முறைப்பார், முகத்தில் வேலை அதிகம் தெரியும்.

அது மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. 1966-ல் வந்த ‘ரைட் இன் தி வேர்ல்விண்ட்’ படத்தை எழுதியவர் ஜாக் நிக்கல்சன். ஒற்றைக் கண்ணை மூடிய கொள்ளைக்காரத் தலைவன் வேடத்தை ஸ்டாண்டனுக்குக் கொடுத்துவிட்டு, நீ எதுவும் செய்யாதே, பாத்திரத்தை உடுப்பு பார்த்துக்கொள்ளும், நீ நீயாகவே இரு என்ற பொருளில் அவர் சொன்னதாக ஸ்டாண்டன் பல பேட்டிகளில் குறிப்பிட்டிருக்கிறார். கண்ணில் பட்டை, தலையில் தொப்பி, பின்னால் ஒரு கூட்டம். இவ்வளவு இருக்கும்போது முகமும் சேர்ந்து ‘நான் கெட்டவன்’ என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் குறும்படத்துக்கும் இது அப்படியே பொருந்தும். வாட்ச்மேன் சட்டை போட்டதும் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் வாட்ச்மேனை நடிக்கக் கூடாது, அந்த மனிதனுக்கு இந்த நிமிடம் என்ன வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கும் முறை இதுதான். முதல் முறை முழுப் படத்தையும் ரசிகராகப் பாருங்கள். இரண்டாவது முறை அவர் வரும் சீன்களை மட்டும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை ஒலியோடு, ஆனால் மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கை எங்கே இருக்கிறது, கண் யாரைப் பார்க்கிறது, வசனத்துக்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். டப்பிங் பிரதி வேண்டவே வேண்டாம். கென்டக்கி மாநிலத்துக்காரரான அவருடைய அந்த இழுவையான பேச்சிலும் இடைவெளிகளிலும்தான் பாதி நடிப்பு இருக்கிறது.

முதல் பாடமாக 1979-ல் வந்த ‘ஏலியன்’. ஸ்டாண்டன் அதில் பிரெட், விண்கலத்தின் மெக்கானிக். வசனம் மிகக் குறைவு, பல இடங்களில் ‘ரைட்’ என்று ஒரே சொல். கூட்டாளி பார்க்கர் எதைச் சொன்னாலும் அதே சொல்தான், கிளிப்பிள்ளை என்று கலத்தில் உடன் வேலை செய்யும் ரிப்ளி குத்திக்காட்டும் அளவுக்கு. அந்த ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் எப்படிச் சொல்கிறார் என்று குறித்துப் பாருங்கள். ஒரு தடவை ஒத்து ஊதுதல், ஒரு தடவை அலுப்பு, ஒரு தடவை எதிர்ப்பு.

பிறகு பூனையைத் தேடிப் போகும் சீன். உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்கும் பெரிய அறை, மேலிருந்து நீர் சொட்டுகிறது. பார்வையாளருக்கு ஆபத்து தெரியும், பிரெட்டுக்குத் தெரியாது. சுமாரான நடிகர் இங்கே பயத்தை முன்கூட்டியே காட்டிவிடுவார். ஸ்டாண்டன் நிற்கிறார், தொப்பியைக் கழற்றுகிறார், அந்த நீரை முகத்தில் வாங்கிக்கொள்கிறார். உழைத்துக் களைத்த ஒருவனுக்கு ஒரு நிமிட ஆசுவாசம். பின்னால் அந்த வேற்றுக்கிரக மிருகம் இறங்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைவது இதனால்தான். இந்தப் பகுதியைக் குறைந்தது நான்கு தடவை பாருங்கள்.

அடுத்து ‘ஸ்ட்ரெய்ட் டைம்’, 1978. ஜெயிலுக்குப் போய் வந்து நல்ல வீடு, மனைவி, நீச்சல் குளம் என்று செட்டிலாகிவிட்ட ஜெரியாக ஸ்டாண்டன். பழைய சகா டஸ்டின் ஹாஃப்மேன் பார்க்க வருகிறார். மனைவி இருக்கும்வரை எல்லாம் சுமுகம். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஜெரி, என்னை இங்கிருந்து வெளியே கொண்டுபோ என்கிறார். அந்த ஒற்றை வரிக்காகக் குரலை உயர்த்துவதில்லை. அதற்கு முந்தைய சீனை ஒலியில்லாமல் பார்த்தால், விருந்தாளியை உபசரிக்கும் அந்தச் சிரிப்பில் ஒரு இறுக்கம் ஏற்கெனவே இருப்பது தெரியும். ஒரு திருப்பம் உள்ள வேடம் கிடைத்தால் விதையை எவ்வளவு சின்னதாகப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. இதே படத்தில் பரோல் அதிகாரியாக வரும் எம். எம்மெட் வால்ஷையும் விட்டுவிடாதீர்கள். இவர்கள் இருவரில் ஒருவர் துணை வேடத்தில் இருந்தால் அந்தப் படம் முழு மோசமாக இருக்காது என்று விமர்சகர் ராஜர் ஈபர்ட் ஒரு விதியே வகுத்திருந்தார்.

‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தில் கிடாரோடு அவர் பாடுவதைக் கேளுங்கள். பேச்சில் இருக்கும் தாளம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ‘வைஸ் பிளட்’ படத்தில் குருடனாக நடிக்கும் போலிப் போதகர். கண்ணால் நடிப்பவர் கண்ணை மறைத்துக்கொண்டால் என்ன செய்கிறார் என்பதற்காகப் பார்க்கலாம். இதுவும் 1979-தான்.

இதற்குப் பிறகு மறுபடியும் ‘பாரிஸ், டெக்சஸ்’ போடுங்கள். அழுக்குக் கோட்டும் சிவப்புத் தொப்பியுமாகப் பாலைவனத்தில் நடந்து வரும் டிராவிஸ் முதல் 25 நிமிடங்களுக்கு வாய் திறப்பதில்லை. இந்த முறை அது உங்களுக்குச் சும்மா இருப்பதாகத் தெரியாது. தம்பி பேசப் பேச, டிராவிஸ் எதைக் காதில் வாங்குகிறார், எதைத் தள்ளுகிறார் என்று முகமே சொல்லும்.

கடைசியில் கண்ணாடி அறை. மனைவி ஜேன் ஒரு பக்கம், டிராவிஸ் மறுபக்கம். டிராவிஸால் ஜேனைப் பார்க்க முடியும், ஜேனால் டிராவிஸைப் பார்க்க முடியாது, பேசுவது டெலிபோனில். முதல் தடவை வந்து பேச முடியாமல் போய்விடுகிறார். இரண்டாவது தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜேனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு தங்கள் கதையை யாரோ இருவர் கதைபோலச் சொல்கிறார். நீண்ட வசனம். அழுகையை வரவழைக்கும் முயற்சி எங்குமே இல்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற கவனம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் பேசிப் பழக ஒரு பகுதி வேண்டுமென்றால் இதன் முதல் இரண்டு நிமிடங்களை உங்கள் சொந்தத் தமிழில் எழுதி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். எதிரில் ஆள் இல்லாதபோது குரல் தானாக உயரும். உயர்ந்தால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இது: ஸ்டாண்டனைப் பார்த்தவர்கள் அசையாமல் நிற்கப் பழகிவிடுகிறார்கள். கேமராவில் அது வெறும் முகமாக விழும். அவருடைய அசைவின்மைக்குள் ஒரு வேலை நடக்கிறது, அதாவது காது கொடுத்துக் கேட்கிறார். ரிகர்சலில் எதிர் நடிகரின் வசனத்தை நீங்கள் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் கேட்கவில்லை, உங்கள் முறை வரக் காத்திருக்கிறீர்கள்.

‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ (1999) படத்தில் முடிவில் மட்டும் சில நிமிடங்கள் வருகிறார். அந்தச் சீனைத் தனியாக வெட்டிப் போட்ட வீடியோவில் பார்க்காதீர்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளில் ஒருவர், புல்வெட்டும் வண்டியிலேயே 240 மைல் ஓட்டிக்கொண்டு வருகிறார். அந்தப் பயணத்தை நீங்களும் உட்கார்ந்து கடந்திருந்தால்தான், ஸ்டாண்டன் வண்டியைப் பார்த்துவிட்டு, இதிலா வந்தாய் என்று கேட்கும்போது கண் நிறைவது உங்களையும் தொடும்.

தொலைக்காட்சி நடிப்புக்கு 2006-ல் தொடங்கிய ‘பிக் லவ்’. தன்னைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்ட ரோமன் கிராண்டாக வருகிறார். மிரட்டலை எவ்வளவு மெதுவாகப் பேசலாம் என்பதற்கு முதல் சீசன் போதும்.

‘லக்கி’யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டன் 2017 செப்டம்பர் 15 அன்று 91 வயதில் காலமானார், அதே மாதக் கடைசியில் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவர். படத்தில் அவர் நடித்த லக்கியும் அதே. உணவகத்தில் இன்னொரு போர்க்காலக் கிழவர் வந்து உட்கார்ந்து பேசுகிறார். அவர் டாம் ஸ்கெரிட், ‘ஏலியன்’ கலத்தின் கேப்டன். 38 வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே ஃபிரேமில். பெரும்பாலும் ஸ்கெரிட்தான் பேசுகிறார். ஒலியை அணைத்துவிட்டு ஸ்டாண்டனை மட்டும் பாருங்கள்.