இறாலுக்குத் தடை இல்லை, அது குடியிருக்கும் கல்லுக்கு?

கேள்வி: கோவையில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். சென்னைக் கடை ஒன்றில் மயில் நிற மான்டிஸ் இறால் ஒன்றும், அது ஒளிந்துகொள்ள, சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கும் ‘லைவ் ராக்’ கல் எட்டு கிலோவும் வாங்கினேன். சாதாரணக் கண்ணாடித் தொட்டிக்கு ஒத்துவருமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “தாராளமா விடுங்க சார்” என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு இரவில் கண்ணாடி உடைந்து 150 லிட்டர் உப்புத் தண்ணீரும் வீட்டுக்குள் கொட்டிவிட்டது. கீழ்வீட்டு சீலிங், மர அலமாரி எல்லாம் பாழ் என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வீட்டு ஓனர் அதை அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். கடைக்காரரோ ‘உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பில்லில் சீல் குத்தியிருப்பதைக் காட்டுகிறார். இந்த இறாலை வளர்ப்பதே குற்றம் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். கடை மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பில்லைத் தூக்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு முன், அதன் இரண்டாவது வரியை ஒருமுறை படியுங்கள். இறால் உங்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லை. ‘லைவ் ராக் 8 கிலோ’ என்ற அந்த வரிதான் சிக்கல்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் அட்டவணைகளில் மான்டிஸ் இறால் கிடையாது. அதன் உறவினங்கள் நம் கடற்கரையில் இழுவலையில் மற்ற மீன்களோடு சேர்ந்து ஏறுவது சாதாரணம். அதைத் தொட்டியில் வைத்திருப்பதற்காக மட்டும் யாரும் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள், அந்த 21 தீவுகளை ஒட்டிப் பிடித்தது என்றால் கதை வேறு. அங்கே எந்த உயிரைப் பிடித்தாலும் குற்றம்தான்.

கல்லுக்கு வருவோம். இந்தியாவில் லைவ் ராக் என்று விற்பதில் நிறைய, கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளப்பாறைத் துண்டுகள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் அட்டவணை 1-இல், அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. பவளம் செத்துப்போய் எலும்புக்கூடாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, அதோடு 2022 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அட்டவணைப் பொருள் உங்கள் கையில் இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 57-இன்படி, உங்களுடையது. ‘கடையில் பில் போட்டுத்தான் வாங்கினேன்’ என்பது பதில் ஆகாது. கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்த தைரியத்தை என்னவென்று சொல்வது!

எல்லா லைவ் ராக்கும் பவளம் அல்ல. சிமெண்டிலோ பீங்கானிலோ வார்த்து, கடல்நீரில் ஊறவைத்து விற்பதும் உண்டு, அதில் தவறே இல்லை. எனவே முதலில் கல் எது என்று தெரிய வேண்டும். நட்சத்திரம் நட்சத்திரமாகவோ தேன்கூடு போலவோ ஒழுங்கான சின்னக் குழிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்துவிட்டால் விற்காதீர்கள், நண்பருக்குக் கொடுக்காதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தொட்டியில் இருந்த உயிரையும் கல்லையும் கடலில் கொட்டுவது கடலுக்கும் கேடு, உங்களுக்கும் ஆதாரத்தை அழித்த பெயர். அரசின் சொத்தான வன உயிரினப் பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 39. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதனால் வனத்துறைக்கு நீங்களே நேரில் போய் உளறாமல், குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் வழியாக எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். தானாக முன்வந்தது தண்டனையிலிருந்து விலக்கு தராது. ஆனால் வீட்டுக்கு வந்து கைப்பற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

அதன்பிறகுதான் கடைக்காரர். ‘பழுதான பொருள்’ என்று வழக்குப் போட்டால் தோற்பீர்கள். அந்த இறாலுக்கு ஒரு பழுதும் இல்லை, அது அதன் வேலையைச் செய்திருக்கிறது. மயில் மான்டிஸ், முன்காலால் ஓங்கி அடித்து உடைக்கும் வகை. அதன் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் மீன் காட்சியகத்தில் மான்டிஸ் இறால் ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்திருக்கிறது. இதை விற்பவருக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? உங்கள் பலம் அந்த வாட்ஸ்அப் உரையாடல். இன்ன தொட்டிக்கு என்று சொல்லிக் கேட்டு, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 இதற்காகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பொய்யான உறுதி கொடுத்து விற்பது முறையற்ற வணிகம். பில்லில் குத்திய சீல், இறால் செத்துப்போனால் வேண்டுமானால் உதவும், சொன்ன பொய்யை மறைக்க உதவாது.

கோவை மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் பதிவுகளோடு, மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றையும் இணையுங்கள். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நடுவில் அடிபட்ட தடம் இருந்தால் இறால், மூலையில் சிலிக்கான் ஒட்டு விட்டிருந்தால் தொட்டி செய்தவர் மீதுதான் வழக்கு. கல் பவளம்தான் என்றால், அதன் விலையைத் திருப்பிக் கேட்காதீர்கள். சட்டவிரோதப் பேரத்தில் கொடுத்த பணத்தை மன்றங்கள் பொதுவாக வசூலித்துத் தருவதில்லை.

கீழ்வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அவருக்கும் கடைக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒன்றரை லட்சத்தை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். புகைப்படம், தச்சர், பெயிண்டர் பில் எல்லாம் வாங்கிப் பார்த்து, கொடுத்ததற்கு முழுத் தீர்வு என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையையும் கடை மீதான மனுவில் நஷ்டமாகச் சேர்க்கலாம். ஓனர் தன் தளத்துக்கும் சுவருக்கும் ஆன சேதத்தை அட்வான்ஸில் கழிக்கலாம். கீழ்வீட்டுக்காரரின் அலமாரிக்குக் கழிக்க அவருக்கு உரிமை இல்லை. மீறினால் வாடகைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுங்கள்.

நோட்டீஸ் அனுப்பும் முன், கல்லைப் பற்றிய முடிவு வரும்வரை கடைக்காரரோடு போனில் பேசாதீர்கள். அவரும் பதிவு செய்வார்.