ஓவலில் யாருக்குக் கை தட்டுவது?

தம்பி, களுவாஞ்சிகுடியில் இருந்து வந்து லண்டன் ஹரோவில் அறை எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேலையிடத்தில் டெஸ்ட் கிரிக்கெட் கதை எழும்பினால் வாய் திறக்க முடியவில்லை என்றும், காசு கொடுத்து மைதானத்துக்குப் போவது தகுமா என்றும், அங்கே இலங்கை அணிக்குக் கை தட்டினால் நம்மவர்கள் கோபிப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கோபிப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை அணி இங்கே விளையாடிய நாட்களில் வாசலில் பதாகை பிடித்து நின்ற நம்மவர்களும் உண்டு, டிக்கெட் எடுத்து உள்ளே போனவர்களும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருப்பார்கள். இந்தியாவுக்குக் கை தட்டித் தப்பித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் எதை இழந்துவிட்டு வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் யாரோடும் வாதாடப் போகாதீர்கள். நான் தட்டுவேன். முரளி பந்து போட்ட அணி, என் கை சும்மா இருக்காது.

சரி, மைதானத்துக்குப் போவது தகுமா? தகும். கிழக்கில் ஒரு டெஸ்ட் கூட நடந்ததில்லை. மட்டக்களப்பில் இருந்து காலிக்கோ பல்லேகலவுக்கோ ஐந்து நாள் ஆட்டம் பார்க்க எத்தனை பேர் போனோம்? நாம் கண்டதெல்லாம் சித்திரைக்கு நடக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டி. பத்து ஓவரில் கதை முடிந்துவிடும். அதில் அணித்தலைவருக்குப் பெரிய வேலை, மச்சானுக்கு ஓர் ஓவர் கொடுத்தால் பெரியம்மாவின் மகன் முகத்தைத் தூக்கிக்கொள்வானே என்று யோசிப்பதுதான்.

டெஸ்ட் தலைவரின் வேலையை டிவியில் பார்த்துப் பிடிக்க முடியாது. கமரா பந்தின் பின்னால் ஓடும். மேல் வரிசையில் இருந்து பார்த்தால்தான், துடுப்பாட்டக்காரருக்குப் பின்புறம் மூன்றாவது ஸ்லிப்பில் நின்றவரைச் சத்தமில்லாமல் முன்புறம் கவருக்கு அனுப்பி, ரெண்டு ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடுவது தெரியும். துடுப்பாட்டக்காரர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரத்தில் தலைவர் அவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு சொல்லும் இல்லாமல்.

2024 செப்டம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்டின் மூன்றாம் நாள் நான் போயிருந்தேன். மான்செஸ்டரிலும் லோர்ட்ஸிலும் தோற்று, தொடர் கைவிட்டுப் போன பிறகு நடந்த ஆட்டம். இலங்கைத் தலைவர் தனஞ்சய டி சில்வாவும் பயிற்சியாளர் சனத்தும் அணியின் முதல் சுழலரான பிரபாத் ஜயசூரியவை வெளியே இருத்திவிட்டு, நாலு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கினார்கள். இலங்கை அணி இப்படிச் செய்யும் என்று ஊரில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 325, இலங்கை 263. பிறகு லஹிரு குமார நாலு, விஷ்வ பெர்னாண்டோ மூன்று என்று எடுக்க, இங்கிலாந்து 156க்குள் சுருண்டது. நாலாம் நாள் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 அடிக்க, 219 என்ற இலக்கு ரெண்டு விக்கெட் இழப்போடு முடிந்தது. 2014இல் லீட்ஸில் தலைவராக 160 அடித்து வென்று கொடுத்த மெத்யூஸ், பத்து வருடம் கழித்து இந்த வெற்றி வந்தபோதும் களத்தில் நின்றார்.

வழமையான தலைவர் ஸ்டோக்ஸ் காயம் என்பதால் அந்தத் தொடரில் இங்கிலாந்துக்கு ஒல்லி போப் தலைவர். முதல் இன்னிங்ஸில் 154 அடித்தவர், ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரெண்டாம் நாள் வெளிச்சம் மங்கி, வேகப்பந்து போடக்கூடாது என்று நடுவர் சொன்னதும், வேகப்பந்து வீச்சாளர் கிறிஸ் வோக்ஸ் ஓவரின் மிச்சப் பந்துகளை ஓஃப் ஸ்பின் என்ற மெதுவான சுழற்பந்தாகப் போட்டு முடித்தார். அரங்கமே சிரித்ததாம். அன்றைக்கு நான் வேலையில்!

அதற்காகத் தனஞ்சயவைத் தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம். அதே வருடம் நவம்பரில் அதே தலைவரின் கீழ் டேர்பனில் 42 ஓட்டங்களுக்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். தென்னாபிரிக்காவின் மார்கோ யான்சன் 13 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட். தலைவர் பந்தைக் கொடுக்கலாம், களத்தடுப்பை மாற்றலாம், மற்றவரின் மட்டையைப் பிடித்து ஆட முடியாதே. என் கணக்கில் இதே ஓவலில் 1998இல் அன்றைய தலைவர் அர்ஜுன செய்ததற்குப் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். நாணயச் சுழற்சியில் வென்று, நல்ல ஆடுகளத்தில் இங்கிலாந்தைத் துடுப்பாடச் சொன்னார். ரெண்டு இன்னிங்ஸுக்கும் நடுவில் முரளிக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமாம். முரளி 16 விக்கெட் எடுத்தார், ஆட்டம் பத்து விக்கெட்டால் நமக்கு.

டிக்கெட் விஷயம்: நாலாம் நாளுக்கு எடுங்கள், முதல் நாட்களைவிட மலிவு. சாப்பாடு கொண்டுபோகலாம், உள்ளே வாங்கினால் பர்ஸ் தாங்காது. வெயில் அடித்தாலும் குளிர் சட்டை வேண்டும்.

வேலையிடத்தில் பேச்சைத் தொடங்க ஒரு விஷயம் தருகிறேன். 2025 ஜூலை, மான்செஸ்டர். ஆட்டம் சமன் என்று தெரிந்ததும் ஸ்டோக்ஸ் அத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொள்ளக் கை கொடுக்க வந்தார். அப்போது இந்தியாவின் ஜடேஜா 89, வாஷிங்டன் சுந்தர் 80. இருவரும் மாட்டோம் என்று நின்று சதம் அடித்தார்கள், ஸ்டோக்ஸுக்கு முகம் கறுத்துவிட்டது. மணிக்கணக்காக நின்று தோல்வியைத் தடுத்தவர்கள், சதத்துக்கு ஒருவருக்குப் பதினொன்றும் மற்றவருக்கு இருபதும் ஓட்டங்கள் இருக்கும்போது ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்துக்காரர் பாதிப் பேர் உங்கள் பக்கம் வருவார்கள், பாதிப் பேர் தேநீர் இடைவேளை முடிந்தும் விடமாட்டார்கள்.