டெக்சாஸ் பள்ளியில் ஒர்க்புக்கை ஜெராக்ஸ் எடுக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து டெக்சாஸ் அரசுப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியராக வந்திருக்கும் தம்பி கேட்கிறார்: "ஊரில் நல்ல புத்தகம் கிடைத்தால் வகுப்புக்கே ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்போம். இங்கே காப்பிரைட் என்று பயமுறுத்துகிறார்கள். எதுவரை எடுக்கலாம்?"

தம்பி, பயம் வேண்டாம். ஆனால் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. நானும் கும்பகோணத்துக்காரன், இந்த ஊர்ப் பள்ளிகளிலேயே தலை நரைத்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். நம் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்த ஆசிரியர் நகல் எடுப்பதற்கு இடம் கொடுக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016இல் உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது அதை வைத்துத்தான். அமெரிக்காவிலோ, கிட்டத்தட்ட அதே மாதிரி வழக்கில் கிங்கோஸ் என்ற நகல் கடை 1991இல் தோற்றுப்போனது.

இங்குள்ள சட்டம் 'ஃபேர் யூஸ்', அதாவது அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று விடுகிறதே தவிர, அளவு சொல்வதில்லை. அளவுக்கு 1976இல் பதிப்பாளர்களும் கல்வி அமைப்புகளும் பேசி எழுதிய வழிகாட்டி உண்டு. அது சட்டமல்ல, ஆனால் அதற்குள் நின்றால் நிம்மதி. கவிதை 250 சொல்லுக்குள். கதை, கட்டுரை 2,500 சொல்லுக்குள் இருந்தால் முழுதாக. நீளமான உரைநடை என்றால் 1,000 சொல் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது. பிள்ளைக்கு ஒரு நகல்தான். அதையே ஒவ்வொரு பருவமும் எடுக்கக் கூடாது.

உங்களுக்கு வில்லங்கம் ஒர்க்புக்கில்தான். ஒன்றை வாங்கி முப்பது பிள்ளைகளுக்கு நகல் போடுவதை அந்த வழிகாட்டி நேராகவே தடுக்கிறது. எழுதித் தீர்க்கவென்றே விற்கிற புத்தகம் அது. ஒவ்வொரு நகலும் ஒரு விற்பனையைத் தின்கிறது. சில ஒர்க்புக்குகளில் மட்டும் 'வகுப்புக்கு நகல் எடுக்கலாம்' என்று பதிப்பகமே காப்பிரைட் பக்கத்தில் போட்டிருக்கும். முதலில் அதைப் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம், கணக்கு யாருக்கும் சொந்தமில்லை. இருபடிச் சமன்பாட்டுக்கு யாரும் காப்பிரைட் வாங்க முடியாது. கேள்வியின் வாசகமும் படமும்தான் பதிப்பகத்துடையது. அதே முறைக்கு உங்கள் சொந்தக் கேள்விகளை எழுதுங்கள். (மரக்கால், கலம் என்று நம் பழைய அளவைகளைப் போட்டுவிடாதீர்கள், டெக்சாஸ் பிள்ளைகள் முழிக்கும்.)

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கும் கூப்பிடுவார்கள். குறளையும் பாரதியையும் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடியுங்கள். இன்றைய எழுத்தாளர் எழுதிய குறள் உரையை மட்டும் மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.